பின்னிணைப்புக்குப் போன அத்தியாயம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகும் பிள்ளைகள் இன்று முதலில் கேட்பது, "ஆதாரம் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். 1980களின் கடைசியில் நானும் அதைத்தான் கேட்டேன். அன்று எங்கள் ஜெஞ்சாரோமில் கேட்டதற்குச் சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருந்தார்கள், ஏடுதான் கிடைக்கவில்லை. இன்று உலகத்து ஏடெல்லாம் மேசைக்கு வந்து சேர்கிறது. சொல்வதற்கு ஆள் இல்லை.

என்னுடைய தலைப்பு, ஜப்பான்காரன் காலத்தில் கோல லங்காட் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். என் தங்கை மகள் அண்மையில் தன் ஆய்வேட்டை முடித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாள். அவள் எடுத்துக்கொண்டது, அப்படிப் போனவர்கள் விட்டுச்சென்ற பெண்களின் கதை. ஒரே ஊர், ஒரே துயரம், முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. இந்த இரண்டு ஆய்வேடுகளும் எப்படி உருவாயின என்று எழுதி வைப்பது அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

நான் பதிவு செய்த காலத்தில், மலேசியத் தமிழர் வரலாற்றுக்குள் நுழைகிறவர் கடந்தே ஆகவேண்டிய நூல்கள் சில இருந்தன. கெர்னியல் சிங் சந்து மலாயா இந்தியர்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1969இல் வந்தது. சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இல் வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது, கங்காணி முறை வளர்ந்தது, 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது என்று இந்தப் பெரிய சட்டகத்தை நாங்கள் அவர்களிடம்தான் கற்றோம். ரவீந்திர ஜெயின் வேறு வழியில் போனார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக 1962இல் மலாயா வந்து ஒரு ரப்பர் தோட்டத்திலேயே தங்கி, அங்குள்ளவர்களின் வாழ்க்கையை உடனிருந்து பார்த்து எழுதினார். தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து 'பால் மெலாயு' என்று பெயர் வைத்தார். தமிழ்ப் பக்கம், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961இல் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே கூட்டினார். 1969இல் இராம சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வெளியீடுகளைப் பட்டியலிட்டு 'தமிழ் மலேசியானா'வைத் தந்தார். நம்மைப் பற்றி நாமே ஆய்வேடு எழுதலாம் என்ற துணிச்சல் எங்கள் தலைமுறைக்கு இவர்களிடமிருந்து வந்தது.

ஆனால் சயாம் ரயில் என்று வந்தபோது அந்தப் பாதையில் பெரிய பள்ளம் இருந்தது. 1942இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000 பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய பங்கு. காஞ்சனபுரிப் போர் மயானத்தில் 6,900க்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவை போர்க்கைதிகளுடையவை. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒரு மயானம் கிடையாது. ஜப்பானியர் சரணடைந்தபோது கோப்புகளைக் கொளுத்தினார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகள் பின்னால் அச்சேறின. எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. 1957இல் வந்த அந்தப் புகழ்பெற்ற குவாய் நதிப் பாலப் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பாதையைப் போட்டவர்களில் தமிழர்கள் இருந்தார்கள் என்று யாரும் ஊகிக்க முடியாது.

ஆகவே என் மேற்பார்வையாளர் ஒரே ஒரு வழியைத்தான் காட்டினார். "சயாம் போய்த் திரும்பினவங்க உங்க ஊர்ப் பக்கம் இன்னும் இருக்காங்கதானே? மொதல்ல அவங்ககிட்ட போம்மா. ஃபைலு ஓடிப்போகாது." அப்போது அவர்களுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். நான் கேசட் ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஜெஞ்சாரோம், சிஜங்காங், கேரித்தீவு, பந்திங் என்று மாலை வேளைகளில் லயத்து வாசல்களில் போய் உட்கார்ந்தேன். காலையில் வெட்டுக்குப் போய் வந்து, குளித்து, திருநீறு பூசி, வாங்கில் உட்கார்ந்திருக்கும் மகன்களுக்குப் பக்கத்தில் அந்தத் தாத்தாக்கள் இருப்பார்கள். கேள்வியையும் சேர்த்து எழுது, இருமலையும் நிறுத்தத்தையும் குறித்து வை என்று மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தக் கண்டிப்புக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஒரு தாத்தா சொன்னதை மட்டும் இங்கே தருகிறேன். ஆள் எடுக்க வந்தவர்கள் மூன்று மாத வேலை என்றார்களாம், நாளுக்கு ஒரு வெள்ளி என்றார்களாம். தோட்டத்தில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். பால்மரம் வெட்டுவதும் நின்றுபோயிருந்தது. பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் எழுதினார். சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியில் நிற்க வைத்து அடைத்துக் கொண்டுபோனார்கள். அங்கே போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. "மழை எறங்குனதும் வாந்திபேதி வந்திருச்சு தாயி. காலையில எங்கூட மண்ணு சொமந்தவன் பொழுது சாயிறதுக்குள்ள இல்ல." "எத்தனை பேர் போனீங்க தாத்தா?" என்று நான் கேட்டேன். "போனதைக் கிராணி எழுதுனான். வந்ததை எவன் எழுதுனான்?" என்றார்.

ஆவணத்துக்கு அலைந்தது தனிக் கதை. ஜெஞ்சாரோமிலிருந்து பேருந்தில் கிள்ளான், அங்கிருந்து கோலாலம்பூர் கிள்ளான் பஸ் நிலையம், பிறகு இன்னொரு பேருந்து பிடித்து அன்றைய ஜாலான் டூத்தாவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளில் போருக்கு முந்திய தோட்டங்களைப் பற்றி நிறைய இருந்தது. 1941இல் ஆர். எச். நாதனின் கிள்ளான் இந்தியர் சங்கம் வழிநடத்திய வேலைநிறுத்தம், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டது, துரைமார் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டியிருந்ததை எதிர்த்தது, பட்டாளத்தின் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தது, நாதன் நாடு கடத்தப்பட்டது என எல்லாம் வரும். 1942 வந்ததும் கோப்பு வற்றிவிடும். சீட்டு எழுதிக் கொடுத்து, கோப்பு வரும்வரை காத்திருந்து, பென்சிலால் மட்டுமே குறிப்பெடுத்து, மாலையில் வீடு திரும்பினால், நான் தேடிப் போன ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அடுத்த லயத்திலேயே ஒருவர் இருந்தார்.

எழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்ய பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குக் கொடுத்தேன். தட்டச்சு செய்த ஐயா தமிழ் மேல் உயிரையே வைத்திருந்தவர். பிரதி கைக்கு வந்தபோது, "செத்துப் போயிட்டாக" என்று தாத்தா சொன்னதெல்லாம் "இயற்கை எய்தினர்" என்று மாறியிருந்தது. "ஏம்மா, நாளைக்கு நூலகத்துல இருக்கப் போற ஏடு. கொச்சையா இருக்கலாமா?" என்றார். அவருக்கு நம் மக்களைக் குறைத்துக் காட்டக் கூடாது என்ற அக்கறை. வாந்திபேதியில் போனவரை இயற்கை எய்தினார் என்று எழுதினால் அவர் எப்படிச் செத்தார் என்பதே மறைந்துவிடும் என்று உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அந்தப் பக்கங்களைக் காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வில் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. தேர்வாளர்களில் ஒருவர், "இந்த முதியவர்கள் சொல்வது உண்மை என்பதற்கு என்ன சான்று? அரை நூற்றாண்டுக்கு முந்திய நினைவு அல்லவா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்காகவே தயாராகிப் போயிருந்தேன். போருக்கு முன் மலாயாவில் தோட்ட மருத்துவராக இருந்து, கைதியாகச் சயாம் போன ராபர்ட் ஹார்டி ரகசியமாக எழுதிய நாட்குறிப்பு 1983இல் அச்சாகியிருந்தது. ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவர் வியரி டன்லப்பின் போர் நாட்குறிப்பு 1986இல் வந்திருந்தது. 1943 மே மாதத்தை ஒட்டி மழை தொடங்கியதையும், அதோடு காலரா முகாம்களுக்குள் புகுந்ததையும் கைதிகளின் பதிவுகள் நாளும் மாதமுமாகச் சொல்கின்றன. எங்கள் தாத்தாக்களுக்கு ஆங்கில மாதம் தெரியாது. அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்த்தவர்களும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத வெவ்வேறு தோட்டத்துக்காரர்கள், மழை இறங்கியதும் வாந்திபேதி என்று ஒரே வரிசையில் சொன்னார்கள். மருத்துவர்கள் எழுதியது பாதையின் ஒரு பக்கம், இவர்கள் சொன்னது மறுபக்கம், இரண்டும் ஒரே மழையில் நனைந்தவை என்று வாதாடினேன். பால் தாம்ப்சன் 1978இலேயே வாய்மொழி வரலாற்றின் முறைகளை நூலாக எழுதியதையும், பக்கத்துச் சிங்கப்பூரில் 1979இலேயே அரசு அதற்கென்று ஒரு பிரிவு தொடங்கியதையும் எடுத்துச் சொன்னேன்.

தேறிவிட்டேன், திருத்தங்களோடு. திருத்தங்களில் முதலாவது: வாய்மொழிச் சான்றுகளுக்கான அத்தியாயத்தை எடுத்துப் பின்னிணைப்பில் சேர்க்கவும். கோப்புகளிலிருந்து எழுதிய அத்தியாயங்கள் உடம்பாக நின்றன. குரல்கள் வாலுக்குப் போயின. அந்தக் காலத்து அளவுகோல் அது, பல நாடுகளில் பலருக்கு நேர்ந்தது. கட்டாயம் செய்ய வேண்டியிருந்ததால் செய்தேன். கேசட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு, தாத்தாக்களின் தோட்டப் பிரிவுகளை நானே கையால் வரைந்த வரைபடத்தையும் பின்னிணைப்போடு சேர்த்துக் கட்டினேன்.

இனி தங்கை மகளின் காலம்.

அவள் ஜெஞ்சாரோம் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத்தில் போருக்குப் பிந்திய 'தமிழ் முரசு' இதழ்களைப் புரட்டினாள். ஆவணக் காப்பகத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே தேடினாள். லண்டன் கியூவில் இருக்கும் குடியேற்ற நாட்டு அலுவலகக் கோப்புகளின் எண்களை எடுத்து, நகலுக்கு எழுதினாள். பால் கிராடோஸ்காவின் ஜப்பானிய ஆட்சிக்கால நூல் 1998இல் வந்துவிட்டது. 2005இல் அவர் தொகுத்த ஆசியத் தொழிலாளர் பற்றிய நூலும் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இருக்கிறது. நான் கனவிலும் காணாத வசதி இது, அவளுக்குக் கிடைத்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. அவளுக்கு வேறு சுமைகள் இருந்தன. முன்மொழிவைத் தனியாக ஒரு குழுவின் முன் நிறுத்திக் காக்க வேண்டும். பட்டத்துக்கு முன்னால் ஆய்விதழில் கட்டுரை வர வேண்டும். நிதி முடிவதற்குள் ஏட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அவள் வெளியிட்ட கட்டுரையையே டர்னிட்டின் மென்பொருள் அவளுடைய ஆய்வேட்டில் 'ஒத்த பகுதி' என்று சிவப்பில் காட்ட, அதற்கும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

தோட்டம்தான் கிடைக்கவில்லை. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலை கிழக்கே புத்ராஜெயாவையும் கடந்து போகிறது. 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவுகளை வாங்க மறுத்ததும், வெளிநாட்டுக் குப்பைகள் எங்கள் ஊரில் வந்து மலையாகக் குவிந்து, இரவில் எரிந்து, ஜெஞ்சாரோமின் பெயர் உலகச் செய்தியில் அடிபட்டது. லயங்கள் இருந்த இடத்தைக் கேட்டால் இளையவர்களுக்குத் தெரியவில்லை. அவள் என் பின்னிணைப்பில் இருந்த கை வரைபடத்தைக் கைப்பேசி வரைபடத்தோடு பொருத்தி, கோயில்களை அடையாளமாக வைத்து ஒவ்வொரு பிரிவாக இனம் கண்டாள். லயம் போன இடத்திலும் மாரியம்மன் கோயில் பெரும்பாலும் நகர்ந்தோ ஒடுங்கியோ நிற்கிறது.

சயாம் போய் வந்தவர்கள் ஒருவரும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள், தொண்ணூறை ஒட்டிய வயதில். அப்படி ஒரு பாட்டியைப் பார்க்க நானும் கூடப் போனேன். இப்போது ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் இல்லாமல் யாரிடமும் ஒலிப்பதிவு செய்ய முடியாது. சம்மதப் படிவத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். அது நல்ல விதி. நம் மக்களின் கதையை அவர்களுக்குத் தெரியாமல் யாரும் எடுத்துப் போகக் கூடாது. இவள் படிவத்தை நீட்டி, "பாட்டி, இதுல உங்க பேரு எழுதி ஒரு கையெழுத்து, இல்லாட்டி கைநாட்டு வெச்சாப் போதும்" என்றாள். பாட்டி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எங்கப்பா பேரையும் இப்படித்தான்மா எழுதுனாங்க. எழுதிட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எம்பேரு எதுக்கு?"

என் தங்கை மகள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். அன்றைக்குப் பதிவு ஏதும் செய்யவில்லை. காப்பி குடித்தோம், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு நெறிக்குழுவுக்கு எழுதி, படிவத்தை வாசித்துக் காட்டி வாய்மொழியாகவே சம்மதம் வாங்க அனுமதி பெற்றாள். பாட்டி அதன்பின் தாமாகவே கூப்பிட்டுப் பேசினார். அப்பா போன பிறகு அம்மா சாக்குத் துணியைத் தைத்துக் கட்டிக்கொண்டது, கிழங்குக் கொல்லையில் இரவுக் காவல் இருந்தது, திரும்பி வந்த ஒருவர் "வர்றான், வர்றான்" என்றே ஆண்டுக்கணக்கில் ஆறுதல் சொன்னது, அம்மா தாலியைக் கழற்றவே இல்லை என்பது வரை. இந்தப் படிவ நிகழ்ச்சியைத் தன் ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் அவள் முழுமையாக எழுதியிருக்கிறாள். காகிதத்தைக் கண்டு வந்த அந்த அச்சமே 1943இன் சான்று என்று வாதிட்டிருக்கிறாள். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அவளுடைய வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் வெளிநாட்டிலிருந்து திரையில் வந்தார். கேட்ட முதல் கேள்வி: "உங்கள் ஏட்டின் அடித்தளம் முப்பது ஆண்டுக்கு முந்திய ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறது. அந்தக் குரல்களை இவ்வளவு நம்பலாமா? எந்தக் கேள்விக்கு அவர்கள் அப்படிப் பதில் சொன்னார்கள்?" அன்று, குரல் எதற்கு என்று கேட்டார்கள். இன்று, குரலை இன்னும் நுணுக்கமாகக் காட்டு என்று கேட்கிறார்கள். அவள் பிஸ்கட் டின் கேசட்டுகளை முன்பே எண்ணிமத்துக்கு மாற்றி வைத்திருந்தாள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் தோட்டத்துத் தமிழில் தடுமாறியதால் காதில் கேட்டுக் கேட்டு அவளே எழுத்தாக்கியிருந்தாள். கேள்வியும் பதிலும் சேர்ந்த பகுதியை அங்கேயே ஒலிக்க விட்டாள். "போனதைக் கிராணி எழுதுனான். வந்ததை எவன் எழுதுனான்?" தேர்வாளர் திரும்ப ஒருமுறை போடச் சொன்னாராம். சிறு திருத்தங்களோடு தேறினாள். அவளுக்குச் சொன்ன திருத்தங்களில் ஒன்று, வாய்மொழிப் பகுதிகளைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து உரிய அத்தியாயத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது.

"பெரியம்மா, உங்க ஏட்டுல வெளியே அனுப்புனதை எனக்கு உள்ளே கூப்பிட்டுட்டாங்க" என்றாள். உள்ளே வந்தது அந்தத் தாத்தாக்கள். அவர்கள் யாரும் அதைக் கேட்க இல்லை.

முனைவர் பட்டம் வாங்குவது பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து சேர்க்க மட்டும் என்றால் எந்தத் தலைப்பும் போதும். நம்மைப் போல எழுதப்படாத மக்களுக்கு ஆய்வேடு என்பது வைப்புநிதி. எடுத்துச் செலவழிக்கிறவர் நாம் அறியாத ஒருவராக இருப்பார். ஆகவே, அவர் திறந்தால் கிடைக்கும்படி வைக்க வேண்டும். கேள்வியையும் எழுதுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று குறியுங்கள். பேச்சை இலக்கணத் தமிழாக்காதீர்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதியை நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒப்படையுங்கள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழே 2019இல் மூடப்பட்டுவிட்டது. நிலைத்து நிற்கும் என்று நாம் நினைப்பவை அப்படித்தான் போகின்றன.

ஜப்பான்காரன் காலத்தில் எட்டு, பத்து வயதில் இருந்தவர்கள் ஜெஞ்சாரோமிலும் பந்திங்கிலும் கிள்ளானிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இடைநிலைப்பள்ளி மாணவரானாலும் சரி, முனைவர் பட்டத்துக்கு மனுப் போட்டிருப்பவரானாலும் சரி, உங்கள் வீட்டு மூத்தவரிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள். சம்மதம் கேளுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள். முன்மொழிவும் மேற்பார்வையாளரும் கருதுகோளும் அதற்குப் பின்னால் வரட்டும்.